புகை மட்டும் தெரிந்த ஊர்



தூரத்திலிருந்து வரும்போது ஓர் ஊரை எதைக் கொண்டு கண்டுகொள்வீர்கள்? கோயில் கோபுரம் தெரியும், கடைவரிசை தெரியும், பள்ளிக்கூடத்துக் கூரை தெரியும். 1878ஆம் ஆண்டு வசந்த காலத்தில், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துப் புல்வெளியில், வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணி தாம் குடியேற வேண்டிய ஊரைத் தேடினார். கூட வந்த ஆண்கள் "அதோ ஊர்!" என்று கூவினார்கள். அந்த அம்மாள் கண்ணுக்கு ஒரு வீடு கூடத் தட்டுப்படவில்லை. தரையிலிருந்து அங்கும் இங்குமாகப் புகை எழுவதைக் கணவர் சுட்டிக்காட்டி, அதுதான் ஊர் என்றார். மக்கள் மண்ணுக்குள் வளை தோண்டிக் குடியிருந்தார்கள்! அதைப் பார்த்து அந்த அம்மாள் அழுதுவிட்டார்.

அந்த ஊரின் பெயர் நிக்கோடிமஸ். அழுதவர் ஓடிப்போகவில்லை, அங்கேயே தங்கினார். அப்படித் தங்கியவர்களின் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

விளம்பரமும் வெட்டவெளியும்

கென்டக்கி மாநிலத்தில் அடிமை முறை ஒழிந்தது 1865 டிசம்பரில்தான். விடுதலை கிடைத்தது சரி, ஆனால் கையிலே நிலம் உண்டா? இல்லை. பழைய எசமானர்களின் வயலிலேயே வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கியவர்கள் பலர். போதாக்குறைக்கு இரவு நேரத்தில் முகமூடிக் கூட்டங்களின் அட்டூழியம் வேறு. நிம்மதியாகத் தூங்க முடிந்ததா சொல்லுங்கள்?

இந்த நேரத்தில்தான் கன்சாஸைப் பற்றிய செய்தி அவர்கள் காதில் விழுந்தது. 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, ஒருவர் 160 ஏக்கர் நிலத்தில் ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் அது அவருக்கே சொந்தம். 1877இல் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நிலத் தரகரும், டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் பாதிரியாரும் சேர்ந்து ஒரு நகர நிறுவனத்தைத் தொடங்கினார்கள். செழிப்பான மண், நல்ல தண்ணீர், நல்ல தட்பவெப்பம் என்று துண்டு விளம்பரங்கள் ஊரூராகப் பறந்தன.

அதே ஆண்டு செப்டம்பரில் ஏறத்தாழ 300 பேர் கென்டக்கியிலிருந்து ரயிலேறி எல்லிஸ் என்ற ஊரில் இறங்கினார்கள். அங்கிருந்து பாதையே இல்லாத புல்வெளியில் பல மைல் நடை. பின்னால் வந்த ஹிக்மன் குழுவினரின் பிள்ளைகளுக்கு எல்லிஸில் தட்டம்மை கண்டு, சில குழந்தைகள் வழியிலேயே இறந்தன. பெற்ற வயிறு எப்படித் துடித்திருக்கும்!

வந்து பார்த்தால் மரமில்லை, வீடில்லை, கடையில்லை. ஆத்திரம் வராதா? தரகர் ஹில் மக்களுக்குப் பயந்து ஒளிந்துகொண்டாராம். பல குடும்பங்கள் வந்த வழியே திரும்பிவிட்டன.

மண்ணுக்குள் ஒரு வாழ்வு

மிஞ்சியவர்கள் என்ன செய்தார்கள்? சாலமன் ஆற்றங்கரை ஓரமாக மேட்டைக் குடைந்தார்கள். உள்ளே அடுப்பு, வெளியே புகைபோக்கி, மேலே புல் மண் கூரை. அடுப்பெரிக்க விறகு கிடையாது. சூரியகாந்தித் தண்டையும் காய்ந்த எருமைச் சாணத்தையும் பொறுக்கி வந்தார்கள். நம் பாட்டிமார் வறட்டி தட்டி எரித்த கதைதான், போங்கள்!

ஏர் பூட்டக் குதிரைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆகவே புல்வேர் பின்னிக் கிடந்த கட்டாந்தரையை மண்வெட்டியாலேயே கொத்தினார்கள். முதல் குளிர்காலம் பசியோடு வந்தது. அவ்வழியே வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் என்ற செவ்விந்தியக் குடியினர் தங்கள் இறைச்சியைப் பகிர்ந்து கொடுத்ததை அவ்வூரார் இன்றளவும் நன்றியோடு சொல்கிறார்கள். ஆண்கள் ரயில் பாதை வேலைக்குக் கால்நடையாகவே போய்க் கூலி கொண்டு வந்தார்கள். மற்ற ஊர்களிலிருந்து தருமமாகத் தானியமும் துணியும் வந்தன. ஆனால் 1879இல் ஊரார் கூடி, இனி வெளியாரிடம் தருமம் கேட்பதில்லை என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். வயிறு காய்ந்தாலும் மானம் காயவில்லை, பார்த்தீர்களா?

ஏடும் எழுத்தும்

மாணவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். அடிமையாக இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசனையே கிடைத்ததில்லை. தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பதே குற்றம் என்று சட்டம் இருந்தது. அப்படிப்பட்ட மக்கள், தங்களுக்கே ஒழுங்கான வீடு இல்லாத நிலையில், பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கினார்கள். பள்ளிக் கட்டடம் எங்கே? வீட்டிலேதான் வகுப்பு. ஜென்னி ஃப்ளெட்சர் என்ற அம்மையார் அவ்வூரின் முதல் ஆசிரியை. கிரஹாம் மாவட்டத்தின் முதலாம் எண் பள்ளி வட்டம் நிக்கோடிமஸ்தான்!

ஜென்னியின் கணவர் சக்கரி ஃப்ளெட்சர் தங்கும் விடுதி நடத்தினார். 1878இல் வந்து குடியேறிய எட்வர்ட் மெக்கேப் என்ற இளைஞர், 1882இல் கன்சாஸ் மாநிலத்தின் தணிக்கை அதிகாரியாகத் தேர்தலில் வென்றார். மாநிலம் முழுவதும் வாக்களித்து அங்கே ஒரு கறுப்பினத்தவர் பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. 1884இல் மீண்டும் வென்றார். மண்வளையில் பிறந்த ஊர் மாநிலத்துக்கே கணக்குப் பார்த்தது, சும்மாவா?

1887 வாக்கில் ஊரில் கடைகள், வங்கி, தேவாலயங்கள், பேஸ்பால் குழு, இரண்டு பத்திரிகைகள் எல்லாம் வந்துவிட்டன.

ரயில் வந்தது, ஊருக்கு வரவில்லை

அந்தக் காலத்தில் புல்வெளி ஊருக்கு ரயில்தான் உயிர்நாடி. கோதுமையை ஏற்ற ரயில் வேண்டும், சரக்கை இறக்க ரயில் வேண்டும். அதனால் 1887இல் ஊரார் 16,000 வெள்ளிக்குக் கடன் பத்திரம் வெளியிடச் சம்மதித்து வாக்களித்தார்கள். மிசூரி பசிபிக் என்ற கம்பெனி வரும் என்று எதிர்பார்த்தார்கள். பேச்சு முறிந்தது. 1888இல் யூனியன் பசிபிக் கம்பெனி தண்டவாளம் போட்டது. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம், சில மைல் தள்ளி! அங்கே போக் என்ற புது ஊர் முளைத்தது. கடைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். சிலர் கட்டடத்தையே பெயர்த்து இழுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். இரண்டு பத்திரிகைகளும் நின்றுபோயின. மெக்கேப் ஒக்லஹோமாவுக்குப் போய், 1890இல் லாங்ஸ்டன் என்ற இன்னொரு ஊரை உருவாக்கினார்.

உழவர்கள் மட்டும் நிலத்தை விடவில்லை. 1930களில் மழை பொய்த்து, புழுதிப் புயல் வானத்தை மறைத்தது. அப்போதும் பலர் வெளியேறினார்கள். 1953இல் தபால் நிலையம் மூடப்பட்டது. 1960ஆம் ஆண்டளவில் பள்ளியும் மூடப்பட்டது. கடைசி மணி அடித்த அன்று அந்த ஆசிரியரின் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஆண்டுக்கு ஒரு முறை

அப்படியானால் நிக்கோடிமஸ் செத்துப்போன ஊரா? இல்லை, ஐயா!

1878 முதலே அவ்வூரார் விடுதலைத் திருநாள் கொண்டாடி வருகிறார்கள். இன்றும் ஜூலை மாதக் கடைசி வார இறுதியில், தூர தேசத்து நகரங்களிலிருந்து பேரன் பேத்திகள் கார் கட்டி வருகிறார்கள். ஊர்வலம், விருந்து, பாட்டு, தேவாலய வழிபாடு எல்லாம் உண்டு. அண்ணன் தம்பி பிள்ளைகள் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வதும் அங்கேதான். ஊரில் நிலையாக வசிப்பவர்கள் இப்போது இருபது பேருக்கும் குறைவு. அந்த வாரம் மட்டும் நூற்றுக்கணக்கானவர்கள்! 1932இல் அங்கே பிறந்து, அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் புகழ் பெற்ற வெரில் சுவிட்சர், 2022இல் மறையும் வரை சொந்த ஊரை மறக்கவே இல்லை.

1996 நவம்பரில் அமெரிக்க அரசாங்கம் நிக்கோடிமஸைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. காக்கப்படும் கட்டடங்கள் ஐந்து: இரண்டு தேவாலயங்கள், ஊர் மண்டபம், பழைய விடுதி, பள்ளிக்கூடம். மாளிகை ஒன்றும் கிடையாது. கும்பிட, கூடிப்பேச, விருந்தாளியைத் தங்கவைக்க, பிள்ளைகளைப் படிக்கவைக்க அந்த மக்கள் கட்டியவையே மிஞ்சி நிற்கின்றன.

பரிசு பெறும் மாணவச் செல்வங்களே! நீங்கள் படித்து முன்னேறி வெளியூர் போவீர்கள், போகத்தான் வேண்டும். ரயில் எந்தப் பக்கம் போகும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது பிறந்த மண்ணுக்குத் திரும்பி வருவது நம் கையில்தான் இருக்கிறது. அன்று ஒரு தாய் கண்ணீரோடு பார்த்த அந்தப் புகைக்குக் கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பை அணையாமல் காத்தவர்களால்தான் அந்த ஊர் இன்றும் இருக்கிறது.