லேக் வியூ ரோட்டில் லேக் எங்கே?

இந்த மே மாதம் பத்து நாள் மேற்கு மாம்பலத்தில் இருந்தேன். பிறந்து வளர்ந்த வீடு, லேக் வியூ ரோட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி. அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் ஆபீஸில் லீவு சொன்னேன். உண்மையில் போனது, வீட்டை இடித்து ஃப்ளாட் கட்ட ப்ரமோட்டர் கொடுத்த பிளானில் கையெழுத்துப் போட.

கத்திரி வெயில். காலை ஒன்பது மணிக்கு துரைசாமி சப்வே தாண்டி பாண்டி பஜார் போய்த் திரும்புவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மத்தியானத்துக்குள் கடல் காற்று உள்ளே வந்துவிட்டால் அன்றைக்குப் பிழைத்தோம். வராத நாளில் பேன் அனல்தான் இறைக்கும். இருபது வருஷம் வெளியூர் வாசம் என் உடம்பைக் கெடுத்துவிட்டது. அம்மா சர்வ சாதாரணமாகக் கொல்லைப்பக்கக் கிணற்றில் ரெண்டு வாளி இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தக் கிணறுதான் சிக்கல். பிளானில் அது இல்லை. அந்த இடத்தில் ஒரு பில்லர்.

சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து, பல நாளாகச் செய்ய நினைத்த ஒரு வேலையைச் செய்தேன். நூறு வருஷத்துக்கு முந்தைய மதராஸ் வரைபடம் ஒன்றை ஸ்கேன் வடிவில் எடுத்து, கியூஜிஐஎஸ்ஸில் இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தினேன். இடம் மாறாத புள்ளிகள் சில வேண்டும். செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல், ரயில் பாதை, சைதாப்பேட்டைப் பாலம் என்று நாலைந்து வைத்தேன். கொஞ்சம் கோணலாகத்தான் உட்கார்ந்தது. ஆனாலும் மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, வடக்கில் நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கில் சைதாப்பேட்டைப் பக்கம் வரை பிறை மாதிரி வளைந்து கிடந்த நீலம், இன்றைய தி.நகர் தெருக்களின் மேல் வந்து விழுந்தது. வரைபடத்தில் அதன் பெயர் லாங் டேங்க். எங்கள் பேட்டைக்காரர்கள் பார்த்த 'லேக்' அதுதான்.

சைதாப்பேட்டைப் பாலத்தைச் சொன்னதும் ஒரு இடைச்செருகல். ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் 1726-இல் தன் பணத்தில் கட்டியது. ஆங்கிலேயர் அதை மார்மலாங் பாலம் என்றார்கள். ஏதோ வெள்ளைக்காரத் துரை பெயர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மாம்பலம்தான் அவர்கள் வாயில் மார்மலாங் ஆகியிருக்கிறது! இப்போது அங்கே இருப்பது மறைமலை அடிகள் பாலம். பழைய கல்வெட்டு மட்டும் சாலையோரம் நிற்கிறது, யாரும் நின்று படிப்பதாகத் தெரியவில்லை.

ஏரிக்கு வருவோம். நகரம் பெருகிக்கொண்டே போனது, குடியிருக்க இடமில்லை. 1920-இல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. பனகல் ராஜா முதலமைச்சராக இருந்த காலத்தில், 1923 வாக்கில் ஏரித் தண்ணீரை வடித்துவிட்டு மனை போட ஆரம்பித்தார்கள். 1925-இல் மறைந்த பிட்டி தியாகராயச் செட்டியார் பெயர் நகருக்கு, பனகல் ராஜா பெயர் நடுவிலிருந்த பூங்காவுக்கு. நுங்கம்பாக்கம் பக்கம் மிச்சமிருந்த ஏரியும் பிற்பாடு தூர்ந்தது. அங்கேதான் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பக்கத்தில் 'லேக் ஏரியா', 'டேங்க் பண்ட் ரோடு' என்று பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதே தி.நகரில் துணி எடுத்து, அதே ரங்கநாதன் தெருவில் நசுங்கி வளர்ந்தவன் நான். ஆனால் தண்ணீர் தன் இடத்தை மறப்பதில்லை. வள்ளுவர் கோட்டத்திலிருந்து தி.நகர் வழியாக அடையாறுக்குப் போகும் மாம்பலம் கால்வாய், நல்ல மழையென்றால் இன்றைக்கும் தெருவுக்கு வந்துவிடும். வெயில் காலத்தில் கதை தலைகீழ். 2019-இல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், நடைக்கு 25 லட்சம் லிட்டர். தெருவே குடத்தோடு லாரிக்கு நின்றபோது எங்கள் கிணற்றில் அடியில் ரெண்டு உறைக்குத் தண்ணீர் இருந்ததாம். அக்கம்பக்கத்தில் நாலு வீடு அதை வைத்துத்தான் சமாளித்தது என்று அம்மா சொன்னாள்.

அது ஏரி விட்டுப்போன தண்ணீர் என்று எழுத ஆசைதான். ஆனால் எங்கள் வீடு ஏரிக்கு வெளியே, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். எனக்குத் தெரிந்த காரணம் சாதாரணமானது. 2003-இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, மொட்டை மாடிக் குழாயை அப்பா நேரே கிணற்றில் இறக்கினார். பலர் கணக்குக் காட்ட ஒரு குழி தோண்டியதோடு சரி. அப்பா வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னால் மாடியைக் கழுவிவிடுவார்.

மறுநாள் ப்ரமோட்டரின் இன்ஜினியர் வந்தார். வரைபடத்தை அவரிடம் காட்டினேன். சுவாரசியமாகப் பார்த்துவிட்டு, "சார், பில்லரை நாலடி நகர்த்தலாம். ஒரு கார் பார்க்கிங் போயிடும்" என்றார்.

"யாரோட பார்க்கிங்?" என்றான் அண்ணன்.

"என்னோடதுதான், எழுதிக்கோங்க" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் காபி போட உள்ளே போனாள். கையெழுத்துப் போடவில்லை, திருத்திய பிளான் வரட்டும்.