பேரும் அரைப்பேரும்: றக்பி ஆட்டம் தொழிலான வரலாறு

தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்ட செய்தியை மாணவர் யாவரும் அறிவர். அம்மலைத் தோட்டங்களில் உழைத்த நம் மக்கள் தம் நாட்கூலியைப் 'பேர்' என்று கணக்கிட்ட முறையைப் பாடநூல்கள் அத்துணை விரிவாகக் கூறுவதில்லை. விடியலிற் பெரட்டுக்களத்தில் நின்று, குறித்த எடைக்குக் கொழுந்து பறித்தால் ஒரு பேர் விழும். எடை குறைந்தால் அரைப்பேர். றக்பி ஆட்டக்காரரின் தொழில் வாழ்வை ஆராயப் புகுந்த கட்டுரை பேர்க்கணக்கில் தொடங்குவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வாட்டத்தை இரண்டாகப் பிளந்த வழக்கு அரைப்பேர் வழக்கேயாகும்.

இங்கிலாந்தின் வடபாகத்து யோர்க்ஷயர், லங்காஷயர் பகுதிகளில் நிலக்கரிச் சுரங்கத்தாரும் ஆலைத் தொழிலாளரும் றக்பி ஆட்டத்திற் சிறந்து விளங்கினர். சனிக்கிழமை முற்பகலும் அவர்க்கு வேலைநாள். பிற்பகல் அயலூரில் ஆட வேண்டுமாயின் வேலையைப் பாதியில் விட்டே புறப்படல் வேண்டும், கூலி குறையும். இழந்த கூலியை மட்டுமாவது கழகம் ஈடுசெய்யலாமா என்ற பிரேரணை 1893இல் றக்பி சங்கத்தின் முன் வந்தது. ஆதரவாக 136 வாக்குகளும் எதிராக 282 வாக்குகளும் விழுந்தன. 1895 ஆகஸ்ட் 29ஆம் நாள் ஹடர்ஸ்பீல்ட் நகரில் 20க்கு மேற்பட்ட கழகங்கள் கூடிப் பிரிந்து, தனிச் சங்கம் அமைத்தன. அவை ஈடாக வழங்க இசைந்த தொகை நாளொன்றுக்கு ஆறு சிலிங். காசு பெற்றவன் இனி எம் ஆட்டத்தில் இறங்கலாகாது என்று பழைய சங்கம் கதவடைத்தது. கூலி ஆட்டத்தின் தூய்மையைக் கெடுக்கும் என்றனர் கனவான்கள். கூலியின்றியும் வாழ வல்லார்க்கு அவ்வாறு கூறுதல் எளிதன்றோ!

கதவடைத்த அச்சங்கத்தின் ஆட்டமே இலங்கையில் வேரூன்றியது. கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் தோன்றியது. 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல். ஈ. பிளேஸ் பாடசாலைச் சிறுவர்க்கு இவ்வாட்டத்தை அறிமுகஞ் செய்தார். 1906இல் கிங்ஸ்வூட், திரித்துவக் கல்லூரிகள் மோதிய முதற் பாடசாலைப் போட்டி 6-6 எனச் சமநிலையில் முடிந்தது. மலையகத்தில் திம்புள்ள, டிக்கோயாக் கழகங்கள் தோட்டத் துரைமாரின் கழகங்கள். துரைக்கு மாதச் சம்பளம்; ஆடிய நாளிலும் அது குறைவதில்லை. பேருக்கு உழைத்தவர்க்கு அத்திடலில் இடமிருக்கவில்லை. சுதேசியர் இவ்வாட்டத்துட் புகுந்த வழி கல்லூரி வழியே. 1950இல் பிரித்தானியத் தீவுகளின் அணி கொழும்பில் இலங்கையை 44-6 என வென்றபோது, விரைவோட்டத்திலும் புகழ்பெற்ற நவரத்தினம் என்னும் தமிழர் நம் பக்கம் ஆடினார்.

பிளவுக்குப் பின் ஏறத்தாழச் சரியாக நூறாண்டு கழித்து, 1995 ஆகஸ்ட் இறுதியில் சர்வதேச றக்பி சபை ஊதியத் தடையை நீக்கிற்று. மனமாற்றம் என்பதைவிடத் தொலைக்காட்சிப் பணத்தின் வன்மை என்பதே பொருந்தும்: தென்னாபிரிக்கா, நியூசிலாந்து, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாட்டுச் சங்கங்கள் அவ்வாண்டிற் செய்த பத்தாண்டு ஒப்பந்தத்தின் பெறுமதி ஏறக்குறைய 55 கோடி அமெரிக்க டொலர்.

இலங்கையில் அத்துணைப் பணம் இல்லை. இங்கு ஆட்டக்காரனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கழகத்தின் பருவகால ஒப்பந்தம், அன்றேல் உத்தியோகம். தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியன தத்தம் அணிகளைக் களமிறக்குகின்றன; அங்கு ஆடுபவன் அரச சம்பளமும் பெறுகிறான். முழங்கால் ஒருமுறை பிறழ்ந்தால் ஒப்பந்தக்காரனின் வருவாய் நின்றுவிடும். உத்தியோகம் உள்ளவனுக்கு மேசையாவது எஞ்சும். முப்பது வயதைக் கடந்தபின் நெடுநாள் ஆடுவார் சிலரே. ஆதலால் பெற்றோர் உத்தியோகத்தையே விரும்புவதிற் பிழை காண்பதற்கில்லை. கிங்ஸ்வூட்டிற் பயின்ற பாசில் மரிஜா கண்டிக் கழகத்துக்கு நெடுங்காலம் ஆடித் தேசிய அணிக்கும் தலைமை தாங்கினார். நகரத்துக் கல்லூரித் திடலிலிருந்து எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு அவர் சான்று.

தெல்தோட்டைச் சரிவுகளில் இவ்வாட்டத்துக்கு வேண்டிய 100 மீற்றர் நீளச் சமநிலம் கிடைத்தல் அரிது. நகரக் கல்லூரியில் இடம்பெறும் தோட்டச் சிறுவன், மாலைப் பயிற்சி முடித்துப் பேராதனை, கலஹா வழியாக ஊர் திரும்பும் பேருந்தையும் தவறவிடாது பிடித்தல் வேண்டும்.