யப்பான் தந்த பெண் கை எழுத்து

ஒரே மொழியைப் பேசும் மக்களிடையேயும் ஆடவர் வழக்கு, மகளிர் வழக்கு என வேறுபாடு தோன்றுவதுண்டு. அவ்வேறுபாடு பேச்சளவில் நில்லாது எழுத்திலும் புகுந்து, ஒரு நாட்டின் இலக்கியப் போக்கையே மாற்றிய வரலாறு யப்பானுக்கு உரியது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஹெயான் எனப்பட்ட இன்றைய கியோத்தோ நகரம் யப்பானின் தலைநகராய் விளங்கியது. அக்காலத்தில் அரசாணைகளும் வரலாறுகளும் சீன மொழியிலேயே எழுதப்பட்டன. சீனக் கல்வியே ஆடவர்க்கு அரச பதவியின் வாயிலாக இருந்தது. பெண்டிர் அப்பதவிகளை எய்துதல் இயலாது. ஆகவே அக்கல்வி அவர்க்கு வேண்டுவதன்று எனக் கருதப்பட்டது.

யப்பானிய மொழியோ சீனத்தினின்றும் முற்றும் வேறானது. அதன் சொற்களை ஒலித்தவாறே எழுதும் பொருட்டுச் சீன எழுத்துக்கள் சில, பொருள் நீக்கி ஒலிக்கு மாத்திரம் கொள்ளப்பட்டன. விரைந்து எழுதுங்கால் அவை வளைந்து சுருங்கி, ஹிரகனா என்னும் எழுத்தாயின. கூரையின் கீழ் ஒரு பெண் இருப்பதாக அமைந்த சீன எழுத்தே இவ்வாறு மாறி, 'அ' என்னும் ஒலிக்குரியதாயிற்று. இப்புதிய எழுத்தைப் 'பெண் கை' என்றும், சீன எழுத்தை 'ஆண் கை' என்றும் வழங்கினர். காதற் கடிதங்களிலும் தாய்மொழிக் கவிதைகளிலும் ஆடவரும் பெண் கையைக் கையாண்டனர். எனினும் புலமைக்கு உரியது அதுவன்று என்பதே அந்நாளைய எண்ணம்.

தோசா மாகாணத்தின் ஆளுநராயிருந்த கீ நோ சுராயுக்கி என்னும் கவிஞர், 935ஆம் ஆண்டு தலைநகருக்கு மீண்டார். ஐம்பத்தைந்து நாள் கொண்ட அப்பயணத்தை அவர் 'தோசா நாட்குறிப்பு' என எழுதினார். நாட்குறிப்பு என்பது ஆடவர் சீனத்தில் எழுதுவது. அதனைப் பெண்ணொருத்தி எழுதிப் பார்ப்பதாக நூலைத் தொடங்கி, பெண் கையிலேயே வரைந்து முடித்தார். தோசாவில் இறந்துபட்ட பெண் குழந்தையை எண்ணும் துயரம் அந்நூல் முழுவதும் இழையோடுகின்றது. அத்துயரைச் சொல்லத் தாய்மொழியே வேண்டியிருந்தது போலும்.

செய் ஷோனகொன் என்னும் அரசவை மாது தமது 'தலையணை நூல்' என்னும் படைப்பில், ஒரே பொருளைச் சொல்லினும் துறவியர் பேச்சும் ஆடவர் பேச்சும் பெண்டிர் பேச்சும் செவிக்கு வெவ்வேறாய் ஒலிப்பதைக் குறித்துள்ளார். மொழியில் ஆண் பெண் வேறுபாடு பற்றிய பழைய குறிப்புகளுள் இதுவும் ஒன்று.

இவ்வேறுபாட்டின் காரணத்தை முரசாக்கி ஷிக்கிபுவின் வாழ்வு விளக்குகின்றது. உடன்பிறந்தான் சீன நூல் பயிலுகையில் அருகிருந்து கேட்ட அவர், அவனினும் விரைந்து கற்றார். இவள் ஆணாய்ப் பிறந்திலளே எனத் தந்தை வருந்தினாராம். பின்னாளில் அரசவையில், 'ஒன்று' என்னும் ஒற்றைக் கோட்டு எழுத்தைத்தானும் அறியாதவர் போல் அவர் நடந்துகொண்டார். அரசி ஷோஷிக்குச் சீனக் கவிஞர் பை சூயியின் பாடல்களை மறைவாகவே கற்பித்தார். இவற்றையெல்லாம் அவர்தம் நாட்குறிப்பே கூறும்.

அவர் பெண் கையில் எழுதிய 'கென்ஜி கதை' ஐம்பத்துநான்கு இயல்களைக் கொண்டது. 1008ஆம் ஆண்டளவிலேயே அரண்மனையில் அது பேசப்பட்டது. அக்கதையைப் படிக்கக் கேட்ட பேரரசர் இச்சிஜோ, இதனை எழுதியவர் நாட்டின் வரலாற்று நூல்களைக் கற்றவராதல் வேண்டும் என்று பாராட்டினார். அது கேட்டுப் பொறாத மாதொருத்தி, 'வரலாற்று நங்கை' என ஏளனப் பெயர் சூட்டிப் பரப்பினாள். பெண்ணொருத்திக்குப் புலமையே பழியாயிற்று.

பெண்டிர் வேறு எழுத்தைக் கையாண்டமைக்கு அறிவின் குறை காரணமன்று. கல்வியின் கதவு அடைக்கப்பட்டமையே காரணம். அடைபட்ட கதவின் புறத்தே நின்றவர் எழுதியவையே இன்று யப்பானியரின் தலைசிறந்த உரைநடையாய்ப் போற்றப்படுகின்றன. ஒலிக்கு ஓரெழுத்து என 1900ஆம் ஆண்டு பாடசாலைகளுக்கு வரையறுக்கப்பட்ட ஹிரகனாவையே யப்பானியச் சிறுவரும் சிறுமியரும் இன்று முதற்கண் கற்கின்றனர்.

ஷிக்கிபு என்பது தந்தையின் பதவியால் வந்த பெயர். முரசாக்கி என்பது அவர் படைத்த கதைத்தலைவியின் பெயர் என்பர். அப்பேராசிரியையின் இயற்பெயர் யாதென உறுதியாய் உரைக்க வரலாற்றில் சான்றில்லை. அவர் எழுதிய எழுத்தோ ஒரு நாட்டு மக்கள் அனைவர்க்கும் உரியதாயிற்று.