கட்டம் கட்டமாய் உடைந்த டிவியும், கேபிள் பிறந்த கதையும்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் என் மாமா, போன கோடை விடுமுறையில் ஒரு மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு மலைப்பக்கம் கிளம்பினார். மோட்டார் ஹோம் என்றால் வேறொன்றும் இல்லை. கட்டில், அடுப்பு, கக்கூஸ், டிவி எல்லாவற்றையும் உள்ளே வைத்த பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி வண்டிகள் வந்து தங்குவதற்கென்றே அங்கே முகாம் மைதானங்கள் உண்டு. வண்டியை நிறுத்தும் இடத்திலேயே ஒரு கம்பத்தில் கரண்ட், பக்கத்தில் தண்ணீர்க் குழாய், பல இடங்களில் கேபிள் டிவி இணைப்பும் இருக்கும்.

மாமா கேபிளை மாட்டினார். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. கடைக்கு ஓடிப்போய் ஒரு பூஸ்டர் வாங்கி டிவிக்குப் பின்னால் மாட்டினார். முன்னைவிட மோசம்! அவருக்கு ராத்திரி, நமக்குக் காலை. போன் வந்தது.

"மாப்ளே, நீதான் எதையாவது தேடிப் படிச்சுக்கிட்டே இருப்பியே, இதுக்கு ஒரு வழி சொல்லேன். பசங்க உயிரை எடுக்குறாங்க."

நான் படிப்பது பி.காம். எனக்கும் ஆன்டெனாவுக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் மாமா கேட்டுவிட்டாரே என்று தேட ஆரம்பித்தேன். வழியும் கிடைத்தது, கூடவே ஒரு நல்ல வரலாறும் கிடைத்தது. மாமாவின் வண்டி நின்ற அதே மாநிலத்து மலைகளில்தான், அதே 'சிக்னல் வீக்' பிரச்சினையால்தான், கேபிள் டிவி என்கிற தொழிலே வளர்ந்தது!

மலை மறைத்த படம்

1948-ல் அமெரிக்காவில் டிவி நிலையங்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருந்தன. டிவி அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறவை. நடுவில் மலை நின்றால் அவ்வளவுதான். பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊர்கள் பலவும் பள்ளத்தாக்குகளில் இருந்தன. பிலடெல்பியா நகரம் 150 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் அதன் ஒளிபரப்பு மலையைத் தாண்டி வரவில்லை.

பக்கத்திலேயே புது நிலையம் திறக்கலாமே என்றால் அதுவும் முடியாது. நிலையங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1948 செப்டம்பரில் புது உரிமங்களை நிறுத்தி வைத்தது. அந்தத் தடை 1952 ஏப்ரல் வரை நீடித்தது. கிட்டத்தட்ட மூன்றரை வருஷம்! அந்த இடைவெளியில் உள்ளூர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை.

யார் முதலில்?

மஹனாய் சிட்டி என்ற ஊரில் ஜான் வால்சன் என்பவர் வீட்டு உபயோகப் பொருட்கள் கடை வைத்திருந்தார். டிவி பெட்டிகளும் விற்றார். ஆனால் படமே வராத பெட்டியை யார் வாங்குவார்கள்? மலை உச்சியில் ஆன்டெனா நட்டு, வாடிக்கையாளர்களை மேலே கூட்டிக்கொண்டு போய்ப் படம் காட்டினார். பிறகு அங்கிருந்து கடை வரைக்கும் வயர் இழுத்தார். வழியில் இருந்த வீடுகளுக்கும் இணைப்புக் கொடுத்தார். இணைப்புக் கட்டணம் 100 டாலர், மாதம் 2 டாலர். இது 1948 ஜூனில் நடந்தது என்பது அவர் சொன்ன கணக்கு.

நாட்டின் இன்னொரு கோடியில், ஓரிகன் மாநிலத்தின் அஸ்டோரியா. அங்கே எட் பார்சன்ஸ் என்பவர் ரேடியோ நிலையம் நடத்தினார். அவர் மனைவி கிரேஸ் ஒரு மாநாட்டில் டிவியைப் பார்த்துவிட்டு, நம் வீட்டிலும் வேண்டும் என்று கேட்டார். பக்கத்து நிலையமே சியாட்டிலில், சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி! 1948 நவம்பரில் அந்த நிலையம் ஒளிபரப்பு தொடங்கியபோது, பார்சன்ஸ் ஒரு ஹோட்டல் மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்துச் சிக்னலைப் பிடித்துவிட்டார். அப்புறம் என்ன, ஊரே அவர் வீட்டு வரவேற்பறையில்! கூட்டம் தாங்காமல் ஹோட்டல் கூடத்துக்கு ஒரு கேபிள், அங்கேயும் கூட்டம் தாங்காமல் எதிரில் இருந்த இசைக்கருவிக் கடைக்கு ஒரு கேபிள். (நம் ஊரில் ராமாயணம் ஓடியபோது டிவி இருந்த வீட்டுக்காரர்கள் பட்ட பாட்டை அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே கதைதான்!)

இதில் யார் முதல்வர் என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. வால்சனின் பழைய கணக்குப் புத்தகங்கள் தீ விபத்தில் போய்விட்டன. 1979-ல் அமெரிக்க காங்கிரஸ் அவரையும் அவர் மனைவி மார்கரெட்டையும் கேபிள் தொழிலின் நிறுவனர்களாக அங்கீகரித்தது. அஸ்டோரியாவிலோ பார்சன்ஸுக்கு நினைவுக்கல்லே வைத்துவிட்டார்கள். எங்கள் ஆடிட்டிங் வகுப்பில் முதல் நாளே சொல்லித்தந்த பாடம் இது: வவுச்சர் இல்லாத வரவு எப்போதும் தகராறுதான்.

1950-ல் லான்ஸ்ஃபோர்டு என்ற இன்னொரு நிலக்கரி ஊரில் ராபர்ட் டார்ல்டன் என்ற டிவி வியாபாரி இதை முறையான கம்பெனியாக்கினார். பிலடெல்பியாவில் மில்டன் ஷாப் என்பவர் அடுக்குமாடிக் கட்டிடங்களில் ஒரே ஆன்டெனாவிலிருந்து பல வீடுகளுக்குச் சிக்னல் பிரித்துக் கொடுக்கும் கருவிகளைச் செய்துகொண்டிருந்தார். கம்பெனி பெயர் ஜெரால்டு. ஒரு சின்ன ஊரில் தன் பூஸ்டர்கள் இவ்வளவு விற்கின்றனவே என்று பார்க்கப் போனவர், ஊரையே ஒரு பெரிய அடுக்குமாடியாக்கி வைத்திருந்த டார்ல்டனைப் பார்த்தார். அதன்பிறகு ஜெரால்டு கேபிள் கருவிகளின் பெரிய பெயரானது. ஷாப் 1971 முதல் 1979 வரை பென்சில்வேனியாவின் கவர்னராகவும் இருந்தார்.

கேபிள் சிக்னலைக் குடிக்கும்

இப்போது மாமா பிரச்சினைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். குழாயில் தண்ணீர் போவதுபோல் கேபிளில் சிக்னல் அப்படியே போய்ச் சேரும் என்று நாம் நினைக்கிறோம். இல்லை. ஒவ்வோர் அடிக்கும் கேபிள் கொஞ்சம் குடித்துவிடும். இது டெலிபோன்காரர்களுக்கு முன்பே தெரியும். அவர்கள் ஒரு காலத்தில் இழப்பை 'எத்தனை மைல் கேபிள்' என்றே அளந்தார்கள். 1920-களில் அதற்குப் பதிலாக வந்த அளவுதான் டெசிபல். 3 டெசிபல் போனால் பாதிச் சக்தி போச்சு என்று அர்த்தம்.

இன்று வீடுகளில் போடும் ஆர்ஜி-6 கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 100 அடிக்கு, 55 மெகாஹெர்ட்ஸில் சுமார் 1.6 டெசிபல் போகும். அதுவே 750 மெகாஹெர்ட்ஸில் சுமார் 5.7 டெசிபல். அதாவது மேல் அலைவரிசைச் சேனல்கள்தான் முதலில் அடிபடும். ஒரு சேனலை இரண்டு டிவிக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் மாட்டினால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 3.5 டெசிபல் காலி.

போனதை பூஸ்டர் வைத்து மீட்க முடியாதா? இங்கேதான் சூட்சுமம். பூஸ்டருக்கு நல்லது கெட்டது தெரியாது. மைக்கில் பேச்சோடு இரைச்சலும் போனால் ஸ்பீக்கரில் இரண்டும் சேர்ந்துதானே பெரிதாகும்? அதே மாதிரிதான். தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் பூஸ்டர் சேர்க்கும். அதனால்தான் பழைய கேபிள்காரர்கள் ஆன்டெனாவை மலை உச்சியில் வைத்து, சிக்னல் நன்றாக இருக்கும்போதே பெருக்கி, ரொம்பத் தேய்வதற்கு முன்பாக வழியில் மறுபடி மறுபடி பெருக்கினார்கள். வீட்டு வாசலில் வந்து மொத்தமாகப் பெருக்கவில்லை. மாமா செய்தது அதற்கு நேர் எதிர்!

வண்டிக்குள் ஒரு குட்டி ஊர்

யோசித்துப் பார்த்தால் மோட்டார் ஹோம் ஒரு குட்டி மஹனாய் சிட்டிதான். கூரையில் ஆன்டெனா, அதற்கு ஒரு பூஸ்டர், சுவருக்குள் கேபிள், அலமாரிக்குள் ஸ்பிளிட்டர், வெளியே கம்பத்திலிருந்து வரும் இணைப்பு. நான் மாமாவுக்குச் சொன்ன வரிசை இதுதான்:

1. டிவிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன பட்டனும் விளக்கும் இருக்கிறதா? பல வண்டிகளில் அதுதான் கூரை ஆன்டெனா பூஸ்டரின் சுவிட்ச். அது 'ஆன்' என்றால் டிவி ஆன்டெனாவோடு சேரும், வெளிக் கேபிள் துண்டிக்கப்படும். கேபிள் பார்க்க அது 'ஆஃப்' ஆக இருக்க வேண்டும்.

2. டிவி மெனுவில் 'ஆன்டெனா' என்று இருப்பதைக் 'கேபிள்' என்று மாற்றி, சேனல்களை மறுபடி தேட விட வேண்டும்.

3. முடிந்தால் டிவியை வெளியே தூக்கிக்கொண்டு போய் ஒரு சின்ன கேபிளால் நேராகக் கம்பத்தில் மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கே படம் நன்றாக வந்தால் கோளாறு வண்டிக்குள். அங்கேயும் வராவிட்டால் மைதானத்துக்காரரைக் கூப்பிடுங்கள், வண்டியைப் பிரிக்காதீர்கள்.

4. முனைகளைப் பாருங்கள். இந்தத் திருகு முனையை 1950-களின் தொடக்கத்தில் ஜெரால்டு கம்பெனியில் எரிக் வின்ஸ்டன் என்பவர் வடிவமைத்தார். தனியாக ஊசி கிடையாது, கேபிளின் நடுக்கம்பியே ஊசி. அதனால் மலிவு. ஆனால் வண்டிக்கு வெளியே மழையிலும் தூசியிலும் இருந்தால் அந்தக் கம்பி களிம்பு பிடிக்கும். புது முனை போட்டால் பல சமயம் தீர்ந்துவிடும்.

5. தேவையில்லாத ஸ்பிளிட்டரை எடுங்கள், கேபிளைச் சுருக்குங்கள். பூஸ்டர் கடைசி மருந்து, அதுவும் கம்பத்துப் பக்கத்தில்.

இன்னொன்று. 2012-ல் வந்த விதி மாற்றத்துக்குப் பிறகு, முழுவதும் டிஜிட்டலான கேபிள் கம்பெனிகள் அடிப்படைச் சேனல்களைக்கூடப் பூட்டி அனுப்பலாம். அப்படி இருந்தால் சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும் அவர்கள் தரும் பெட்டி இல்லாமல் ஒன்றும் தெரியாது. பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறையக் குறைய புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். டிஜிட்டலில் ஓர் அளவுக்குக் கீழே போனால் சட்டென்று உடைந்துவிடும்.

மாமா வீட்டுக் கதை முதல் வரியிலேயே பாதி முடிந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது! சின்னவன் எப்போதோ பட்டனை அமுக்கியிருக்கிறான். அணைத்ததும் பாதிச் சேனல்கள் பளிச். மேல் சேனல்கள் மட்டும் இன்னும் உடைந்தன. பார்த்தால், பத்தடித் தூரத்துக் கம்பத்துக்கு நூறடிப் பழைய கேபிளைச் சுருட்டி வைத்து மாட்டியிருந்தார். சின்ன கேபிளாக மாற்றினார், பூஸ்டரைக் கழற்றினார். எல்லாம் சரி. மறுநாள் பூஸ்டரைக் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசையும் வாங்கிவிட்டார்.

ஒரு காமர்ஸ் மாணவனாக எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வால்சனும் டார்ல்டனும் சிக்னல் விற்கக் கிளம்பியவர்கள் இல்லை. டிவி பெட்டி விற்க வேண்டும், அதற்குச் சிக்னல் வேண்டும். பொருளாதாரப் பாடத்தில் இணைப்புப் பண்டங்கள் என்று படிக்கிறோமே, காரும் பெட்ரோலும் போல, அதுதான். பெட்டி விற்பதற்காக இழுத்த வயரே கடைசியில் பெரிய தொழிலாகிவிட்டது. 1972 நவம்பரில் ஹெச்.பி.ஓ. முதன்முதலாக ஒளிபரப்பானபோது, அதைப் பார்த்தவை வில்க்ஸ்-பேர் நகரில் 365 வீடுகள். அந்த இணைப்பைக் கொடுத்ததும் அதே வால்சனின் கம்பெனிதான்.

அடுத்த தடவை மஹனாய் சிட்டி வழியாக வண்டியை ஓட்டப் போவதாக மாமா சொல்லியிருக்கிறார். போட்டோ அனுப்பினால் இங்கே போடுகிறேன். :-)