வரிசையில் நியாயம்: இணையத்தின் ஒரு பழைய வழக்கு



வீட்டில் ஒரே இணைய இணைப்புதான். மூத்தவன் பெரிய கோப்பு ஒன்றைப் பதிவிறக்கம் செய்யத் தொடங்கியதும் இளையவளின் இணைய வகுப்பில் ஆசிரியரின் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் பெற்றோர் பலர் என்னிடம் இதுபற்றி வினவினர். 'இணைப்பு வேகம் போதவில்லை' என்பது பாதி விடையே. மறுபாதி, வரிசையில் யாருக்கு எப்போது இடம் என்பதைப் பற்றியது. அந்த மறுபாதிக்கு நாற்பது ஆண்டு வரலாறு உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

இணையத்தில் செல்லும் எதுவும் முழுதாகச் செல்வதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. வழியிலுள்ள திசைவி (ரவுட்டர் என்று நாம் வழக்கமாகச் சொல்வது) அவற்றைப் பெற்று, அடுத்த கம்பியில் ஒவ்வொன்றாக அனுப்புகிறது. கம்பி ஓய்வாக இல்லாவிடில் பொட்டலங்கள் நினைவகத்தில் காத்திருக்கும். முதலில் வந்தது முதலில் செல்லும் என்பதே ஆரம்ப கால விதி. கேட்பதற்கு நேர்மையான விதியாகத்தான் தோன்றும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு மாணவன் நாற்பது பேருக்குரிய உணவுப் பட்டியலை ஏந்தி முன்னால் நின்றால், பின்னால் ஒரே ஒரு பானத்துக்காக நிற்கும் சிறுமியின் நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்விதியின் ஆபத்தைத் தெளிவாக எழுதியவர் ஜான் நாகிள். அமெரிக்காவில் ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1984 ஜனவரியில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 896 என்னும் குறிப்பில், நெரிசலால் வலையமைப்பே செயலற்றுப் போகக்கூடும் என எச்சரித்தார். மூன்று ஆண்டுகளுக்குள் அது நிகழ்ந்தது. 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்துக்கும் இடையே, ஏறத்தாழ 400 கஜத் தொலைவில், விநாடிக்கு 32,000 பிட்டுகளாக இருந்த வேகம் 40 பிட்டுகளாக வீழ்ந்தது. அந்த வேகத்தில் ஓர் ஆங்கில எழுத்தைக் கடத்துவதற்கே விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு தேவை. நடந்து சென்று கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்!

வான் ஜேக்கப்சன் இதற்கொரு மருந்து கண்டார். பொட்டலம் தொலைந்தால் அனுப்பும் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும் என்னும் முறையை, மைக்கேல் கேரல்ஸ் துணையுடன் உருவாக்கி 1988இல் வெளியிட்டார். இன்றளவும் இணையம் சரியாமல் நிற்பதற்கு அதுவே முதற்காரணம். ஆயினும் அம்மருந்து அனுப்புவோரின் நன்னடத்தையை நம்பியிருக்கிறது. குறைத்துக்கொள்ளாதவன் இருந்தால்?

அக்கேள்வியை நாகிள் 1985 டிசம்பரிலேயே எழுப்பிவிட்டார். ஆர்.எஃப்.சி. 970 என்னும் அக்குறிப்பு சில பக்கங்களே கொண்டது. எனினும் இத்துறையில் நான் விரும்பிப் படித்தவற்றுள் முதலிடம் அதற்கே. எல்லையற்ற நினைவகம் கொண்ட திசைவி ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்கிறார் அவர். நினைவகம் தீராது என்பதால் நெரிசலும் தீர்ந்துவிடும் என நாம் எண்ணுவோம். அவரோ நேர்மாறாகக் காட்டுகிறார். பொட்டலத்துக்கு ஆயுள் வரம்பு உண்டு. வரிசை முடிவின்றி நீண்டால் ஒவ்வொரு பொட்டலமும் தன் முறை வருமுன்பே காலாவதியாகும். இடம் இருந்தும் எதுவும் போய்ச் சேராது.

அடுத்து அவர் மனித இயல்பைத் தொடுகிறார். ஒரே வரிசையாயின், ஒரு கணினிக்கு இலாபகரமான வழி இயன்ற அளவு பொட்டலங்களைக் கொட்டுவதே. எல்லாரும் அவ்வாறே செய்தால் எல்லார்க்கும் கேடு. எனவே திசைவி, அனுப்பும் ஒவ்வொரு கணினிக்கும் தனி வரிசை வைத்து, வரிசைக்கு ஒரு பொட்டலமாகச் சுழன்று எடுக்கட்டும் என்றார். இப்போது அதிகம் கொட்டுபவனின் வரிசைதான் நீளும், பிறர்க்குத் துன்பமில்லை. தன் வரிசையில் எப்போதும் ஒரே ஒரு பொட்டலம் இருக்கும்படி அனுப்புவதே ஒவ்வொருவருக்கும் சிறந்த வழியாகிவிடும். நல்லொழுக்கத்தைப் போதிக்காமலே அது இலாபமாகும்படி விதியை அமைத்த விதத்தை வகுப்பறை நடத்தும் நாம் கவனிக்கத்தான் வேண்டும்.

இதில் ஓர் ஓட்டை இருந்தது. பொட்டலங்கள் ஒரே அளவின அல்ல. ஒருவர் 1500 பைட்டுப் பொட்டலமும் இன்னொருவர் 100 பைட்டுப் பொட்டலமும் அனுப்பினால், சுற்றுக்கு ஒன்று என்னும் கணக்கில் முன்னவர் பதினைந்து மடங்கு பெறுவார். 1989இல் ஆலன் டெமர்ஸ், ஸ்ரீநிவாசன் கேசவ், ஸ்காட் ஷெங்கர் மூவரும் இதனை அடைத்தனர். டெமர்ஸும் ஷெங்கரும் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தினர். கேசவ், டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று அப்போது பெர்க்கிலியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர்.

அவர்கள் செய்தது இதுதான். திசைவி ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு பிட்டாக மாறி மாறி எடுப்பதாகப் பாவனை செய்துகொள். அப்பாவனையில் ஒவ்வொரு பொட்டலமும் எப்போது முடியும் எனக் கணக்கிடு. மெய்யாக அனுப்பும்போது, முடிவெண் சிறியதையே முதலில் முழுதாக அனுப்பு. மூத்தவனின் 1500 பைட்டுப் பொட்டலத்தின் முடிவெண் 1500. இளையவளின் குரலைச் சுமக்கும் 100 பைட்டுப் பொட்டலங்கள் மூன்றும் 100, 200, 300 பெறும். மூன்றும் முன்னே சென்றுவிடும். மூத்தவனுக்கும் அநீதி இல்லை.

'எடை' வருவது இங்கேதான். நீளத்தை எடையால் வகுத்து முடிவெண் காண்பர். எடை 3 உடையவரின் 1500 பைட்டுப் பொட்டலத்துக்கு முடிவெண் 500 ஆகும். எடை 1 உடையவர் ஒன்று அனுப்பும் நேரத்தில் அவர் மூன்று அனுப்புவார். எடையிட்ட நியாய வரிசை என்று இதற்குப் பெயர். ஒருவரை எப்போதும் முன்னே விட்டு மற்றவரைப் பட்டினி போடும் முன்னுரிமை முறையன்று இது. எடை குறைந்தவருக்கும் தம் பங்கு நிச்சயம்.

நியாயம் வேறு, சமம் வேறு என்பதையும் சொல்ல வேண்டும். பத்துப் பங்கு கொள்ளளவுள்ள கம்பியை மூவர் கேட்கின்றனர்: ஒருவர் 2, ஒருவர் 4, ஒருவர் 8. சமமாக வகுத்தால் ஆளுக்கு மூன்றும் சொச்சமும். முதலாமவருக்கு 2 போதும். எஞ்சிய எட்டை இருவருக்கும் பகிர்ந்தால் தலா 4. இரண்டாமவர் நிறைவு பெற்றார். கூடுதலாகக் கேட்டவரும் 4 பெற்றார். ஐந்தாம் ஆண்டுக் கணிதத்தில் இக்கணக்கைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

எம்.ஐ.டி.யைச் சேர்ந்த அபய் பரேக், ராபர்ட் கேலகர் இருவரும் 1993இல் இதற்குக் கணித உறுதி அளித்தனர். பாவனை முறையில் முடியவேண்டிய நேரத்தைவிட, மிகப் பெரிய பொட்டலம் ஒன்றை அனுப்பும் நேரத்துக்கு மேல் எந்தப் பொட்டலமும் தாமதிக்காது என்றனர். விநாடிக்கு 64,000 பிட்டுக் கம்பியில் 1500 பைட்டுக்கு அது ஏறத்தாழ 0.19 விநாடி. குரலுக்கு அது சற்று அதிகமே. கம்பியின் வேகம் கூடக் கூட இந்நேரம் சுருங்கிவிடும்.

முடிவெண்களை ஓயாமல் வரிசைப்படுத்துவது வேகமான திசைவிக்குப் பெரும் பாரம். 1995இல் ஸ்ரீதர், ஜார்ஜ் வர்கீஸ் இருவரும் எளிய மாற்று ஒன்றைத் தந்தனர். ஒவ்வொரு சுற்றிலும் வரிசைக்கு 500 பைட்டு படி அளக்கப்படுகிறது என்று கொள்வோம். 1500 பைட்டுப் பொட்டலம் மூன்று சுற்று சேமித்துப் போகும். கணக்குப் புத்தகம் போதும், வரிசைப்படுத்த வேண்டியதில்லை.

இதற்கிடையே சிஸ்கோ நிறுவனம், விநாடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் பிட்டுக்கு உட்பட்ட தன் மெதுவான தொடர் இணைப்புகளில் எடையிட்ட நியாய வரிசையையே இயல்பு அமைப்பாக வைத்தது. பெரிய கம்பிகளிலோ கொள்ளளவைக் கூட்டுவதே மலிவாக இருந்தது. வரிசையைப் பற்றிய அக்கறை குறைந்தது. நினைவகமும் மலிவானதால், தயாரிப்பாளர்கள் வீட்டுத் திசைவிகளில் அதை அள்ளிக் கொட்டினர். 2010இல் ஜிம் கெட்டிஸ் தம் வீட்டு இணைப்பை ஆராய்ந்தபோது, ஒரு கோப்பை மேலேற்றினாலே தாமதம் ஒரு விநாடியைத் தாண்டுவதைக் கண்டார். நாகிள் கற்பனை செய்த அந்த எல்லையற்ற நினைவகம் ஏறக்குறைய வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது!

2012இல் காத்லீன் நிக்கல்ஸும், நாம் முன்னே சந்தித்த அதே வான் ஜேக்கப்சனும், நெடுநேரம் தேங்கிய வரிசையிலிருந்து பொட்டலத்தைக் கைவிடும் 'கோடல்' முறையை வெளியிட்டனர். அதனைத் தனித்தனி வரிசைகளோடு இணைத்த எஃப்.க்யூ. கோடல் அவ்வாண்டே லினக்ஸில் சேர்ந்தது. 2018 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 8290 ஆயிற்று. அதன் உள்ளே சுழல்வது 1995ஆம் ஆண்டின் அந்தப் படியளக்கும் முறையின் வேறு வடிவமே.

தங்கள் வீட்டுத் திசைவியின் அமைப்புப் பக்கத்தில் கியூ.ஓ.எஸ். அல்லது எஸ்.க்யூ.எம். என்னும் பகுதி இருந்தால் திறந்து பாருங்கள். எஸ்.க்யூ.எம். இருப்பின், அங்கே கேட்கப்படும் வேகத்தை, இணைப்பின் மெய்யான வேகத்தைவிடச் சற்றுக் குறைத்தே இட வேண்டும். கூடுதலாக இட்டால் வரிசை தங்கள் வீட்டில் சேராமல் சேவை நிறுவனத்தின் கருவியில் போய்ச் சேரும். அங்கே எந்த விதி ஆள்கிறது என்பது நம் கையில் இல்லை.