‘மூர்’ என்னும் சொல்லும் கிழக்கிலங்கைச் சோனகரும்

ஒரே வேரினின்று கிளைத்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வழங்கும் சொற்களுள் ‘மூர்’ என்பதும் ஒன்று. ஆங்கிலத்தில் ‘மூர்’, பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் ‘மோர்’, ஸ்பானியத்தில் ‘மோரோ’, போர்த்துக்கேயத்தில் ‘மோரு’ என்பன யாவும் இலத்தீனின் ‘மவுருஸ்’ வழிவந்தவை. உரோமர் வட ஆபிரிக்காவின் மேற்குப் பகுதியை மவுரித்தானியா என்றும், அங்கு வாழ்ந்தோரை மவுரி என்றும் அழைத்தனர்.

நிலத்தைச் சுட்டிய இச்சொல் காலப்போக்கில் பொருள் மாறிற்று. கி.பி. 711இல் வட ஆபிரிக்காவினின்று முஸ்லிம் படைகள் ஸ்பெயினுள் புகுந்தபின், ஐபீரியர் நாவில் அது சமயத்தைக் குறிக்கலாயிற்று. ஜேர்மன் மொழியிலோ கருநிறத்தோரைக் குறிக்கும் சொல்லாக நிலைத்தது. கீழைக்கடலுக்கு வந்த போர்த்துக்கேயர், தாம் கண்ட முஸ்லிம்களையெல்லாம் அப்பெயராலேயே அழைத்தனர். 1505இல் அவர்கள் இலங்கைக் கரையை அடைந்தபோது இச்சொல்லும் உடன் வந்தது. பிலிப்பைன்சில் ஸ்பானியர் செய்ததும் இதுவே. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இச்சொல்லைத் தொடர்ந்து ஆள, குடிசன மதிப்பிலும் அது நிலைபெற்றது.

தமிழில் வழங்கும் ‘சோனகர்’ என்னும் பெயரின் வரலாறும் இதனை ஒத்ததே. அயோனியக் கிரேக்கரைக் குறித்த ‘யவன’ என்னும் சொல், பாளியில் ‘யோனக’ எனவும் தமிழில் ‘சோனக’ எனவும் திரிந்து, மேற்றிசையினின்று வந்த அராபியருக்கும் பெயராயிற்று. ஆகவே, ஒரு சமூகம் தாங்கிநிற்கும் இரு பெயர்களுள் ஒன்று ஆபிரிக்காவையும், மற்றையது கிரேக்கத்தையும் பிறப்பிடமாக உடையன. அவ்விரு நிலங்களும் அச்சமூகத்தின் பூர்வீகமல்ல.

எனினும் பெயரைச் சூழ்ந்து எழுந்த வாதம் வெறும் சொல்லாராய்ச்சியாய் முடியவில்லை. 1888இல் பொன். இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாதிட்டார். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற வினா அதன் பின்னணியில் இருந்தது. மறு ஆண்டே முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் நியமனம் பெற்றார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ், அராபிய மரபினை வலியுறுத்தி இராமநாதனின் கூற்றை மறுத்து நூல் எழுதினார்.

கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் ஊர்களையும், அப்பாலுள்ள வினாயகபுரம் போன்ற தமிழ்க் கிராமங்களையும் நோக்குவார்க்கு வேறோர் உண்மை புலனாகும். இக்கரையோரத்தில் இரு சமூகத்தாரும் தமிழையே பேசுவர். தாய்வழிக் குடிமுறை இரு சாராருக்கும் மரபாக உரியது. கோயில் நிருவாகத்தைப் போலவே பள்ளிவாசல் மரைக்காயர் நியமனமும் குடிவழியே நடைபெற்று வந்தது. இவ்வுறவை ‘மூர்’ என்ற சொல்லும் காட்டாது. அவ்வுறவு மட்டுமே ஒரு சமூகத்தின் தனித்துவத்தை மறுக்கவும் போதாது. சொல்லின் பிறப்பு வேறு, மக்களின் பிறப்பு வேறு. முன்னதைக்கொண்டு பின்னதைத் தீர்ப்பது வரலாறாகாது.