சிர்த்தா நகரில் ஏடு கேட்ட நாள்

பள்ளிக்கூடத்திலும் கச்சேரியிலும் காலங்கழித்தவர்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு என்பது இன்னதென்று நன்கு தெரியும். இன்ன தேதியில் இன்னார் வந்தார், இன்னது கேட்டார், இன்னது ஒப்படைக்கப்பட்டது என்று உணர்ச்சி சிறிதுமின்றி எழுதப்படும் ஏடு அது. அதைப் படித்து மனம் கலங்குவார் எவருமிலர். ஆயினும், 34 ஆண்டுகள் சரித்திரம் கற்பித்த எனக்கு, படித்த ஆவணங்களுள் பெரிதும் மனக்கலக்கம் தந்தது அத்தகைய குறிப்பு ஒன்றேயாகும். அது எழுதப்பட்ட நாள் கி.பி. 303ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் தேதி. இடம், வட ஆப்பிரிக்காவில் அன்று நுமீடியா எனப்பட்ட நாட்டிலிருந்த சிர்த்தா நகரம். இன்று அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டீன் என்ற பெயருடன், ஆழ்ந்த பள்ளத்தாக்கினால் சூழப்பட்ட பாறையின்மேல் அந்நகரம் நிற்கிறது.

அக்காலத்தில் உரோமப் பேரரசை ஆண்டவர் டயோக்ளீஷியன். சிதறிக் கிடந்த பேரரசை ஒழுங்குபடுத்திய வல்லவர் அவர். பழைய தெய்வங்களின் அருளாலேயே உரோமாபுரி தழைத்தது என்றும், அவற்றை வணங்காதார் பெருகுவது அரசுக்கே கேடு என்றும் அவரும், அவருடைய துணையரசர் கலேரியஸும் கருதினர். 303 பிப்ரவரி 23ஆம் நாள், தலைநகராகிய நிக்கோமீடியாவில் இருந்த கிறிஸ்தவக் கோயில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. மறுநாள் ஆணை வெளியாயிற்று. கோயில்கள் இடிக்கப்படவேண்டும், மறைநூல்கள் எரிக்கப்படவேண்டும், கிறிஸ்தவர்களுள் உயர்பதவி வகிப்போர் அதனை இழக்கவேண்டும். இந்த முதல் ஆணை எவருடைய உயிரையும் நேரே கேட்கவில்லை என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். அது கேட்டது புத்தகத்தை.

புத்தகத்தைக் கேட்டது ஏன்? அச்சு இயந்திரம் இல்லாத காலம் அது. ஒவ்வொரு பிரதியும் தோல்தாளிலோ பாப்பிரஸ் தாளிலோ கையால் எழுதப்பட்டு, மடித்துத் தைக்கப்பட்டது. ஒரு நகரத்துச் சபைக்கு முப்பது நாற்பது நூல்கள் இருந்தால் அதுவே பெருஞ்செல்வம். பெரும்பாலோர்க்கு எழுத்து வாசனை இல்லாமையால், வழிபாட்டின்போது உரக்கப் படிப்பதற்கென்றே வாசகர் என்ற பெயரில் சிலர் நியமிக்கப்பட்டிருந்தனர். நூல்கள் பல அவர்கள் வீட்டிலேயே இருந்தன. நூல் போனால் வாசிப்புப் போகும். வாசிப்புப் போனால் கூட்டமும் கலையும் என்பது அரசினர் போட்ட கணக்கு.

சிர்த்தாவில் இந்த ஆணையை நிறைவேற்றியவர் முனாஷியஸ் பெலிக்ஸ் என்பவர். நகரின் நிருவாகியும் அவரே. பேரரசர் வழிபாட்டுக்குரிய பூசகரும் அவரே. எழுத்தர்களையும் ஏவலரையும் அழைத்துக்கொண்டு, கிறிஸ்தவர்கள் கூடிவந்த வீட்டுக்கு அவர் வந்தார். ஆயர் பவுல் உள்ளே அமர்ந்திருந்தார். நூல்களை வெளியே கொணரும்படி பெலிக்ஸ் கேட்க, அவை வாசகரிடம் இருப்பதாகவும், இங்கே உள்ளதைக் கொடுத்துவிடுவதாகவும் ஆயர் கூறினார். வாசகரைக் காட்டுக என்றதற்கு, நகரத்து எழுத்தருக்கே அவர்களைத் தெரியும் என்பது அவருடைய விடை. காட்டிக்கொடுக்கவுமில்லை, உறுதியாக மறுக்கவுமில்லை. அந்த விடையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்ன குரல் எப்படி இருந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.

பிறகு பொருள்களின் பட்டியல் தொடங்குகிறது. பொற்கிண்ணம் 2, வெள்ளிக்கிண்ணம் 6, வெள்ளிக் கெண்டி 6, வெள்ளி விளக்கு 7, சங்கிலியுடன் கூடிய வெண்கல விளக்கு 11. அப்பால் பெண்களுக்கான அங்கி 82, ஆண்களுக்கான அங்கி 16, பெண்களின் காலணி 47 இணை, ஆண்களின் காலணி 13 இணை. துணியும் காலணியும் கோயிலில் எதற்கு என்று கேட்கலாம். ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் கொடுப்பதற்காகச் சேர்த்துவைத்தவை என்றே அறிஞர்கள் கருதுகின்றனர். அந்த ஏழைகளைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாத எழுத்தர், அவர்களுக்குரிய காலணிகளை இணை இணையாக எண்ணி எழுதிவிட்டார்!

அடுத்து நூலகத்துக்குள் புகுந்தார்கள். அலமாரிகள் வெறுமையாக இருந்தன. முன்னெச்சரிக்கையாக எவரோ நூல்களை அப்புறப்படுத்தியிருந்தனர். உப தீக்கோன் எனப்படும் கீழ்நிலைப் பணியாளரான கத்துல்லினஸ் மட்டும் மிகப் பெரிய நூல் ஒன்றைக் கொணர்ந்து கொடுத்தார். ஒன்றே ஒன்றைக் கொடுப்பானேன் என்று பெலிக்ஸ் அதட்டினார். தாங்கள் உப தீக்கோன்மார் என்றும், மற்றவை வாசகரிடம் உள்ளன என்றும் கத்துல்லினஸும் அவருடைய தோழர் மார்க்குக்லியஸும் விடை கூறினர். வாசகர் வீடு எங்கே? தெரியாது. வீடு தெரியாவிட்டால் பெயரைச் சொல்லுங்கள். அப்போதுதான் அவ்விருவரும், தாங்கள் காட்டிக்கொடுப்பவர் அல்லர் என்றும், இதோ நிற்கிறோம், கொல்ல ஆணையிடலாம் என்றும் கூறினர். அவர்களைக் காவலில் வைக்குமாறு பெலிக்ஸ் உத்தரவிட்டார்.

இவ்விடத்தில் சற்று நிற்போம். ஒரு நாழிகைக்கு முன் மறைநூலைத் தம் கையாலேயே எடுத்துக்கொடுத்தவர் இந்தக் கத்துல்லினஸ்தான். பின்னாளைய சபைச் சட்டத்தின்படி அவர் குற்றவாளி. அவரே, மனிதரின் பெயரைக் கேட்டபோது உயிரைக் கொடுக்கத் துணிந்தார். அவரை வீரர் பட்டியலில் சேர்ப்பதா, கோழைகள் பட்டியலில் சேர்ப்பதா? வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டால் மாணவர்கள் இரு கட்சியாகப் பிரிவார்கள். நான் எக்கட்சியிலும் சேர்ந்ததில்லை. நெருக்கடியில் மனிதன் ஒரே நாளில் ஒருமுறை வீழ்ந்து, மறுமுறை நிமிர்ந்து நிற்கக்கூடும் என்பதற்கு அவர் சான்று என்று மட்டும் சொல்வேன்.

எழுத்தர்கள் வழிகாட்ட, வாசகர் வீடுகளுக்கு அக்கூட்டம் சென்றது. ஒரு வீட்டில் 4 நூல். ஓடுகளைப் பதித்துச் சித்திரம் செய்யும் தொழிலாளி ஒருவர் வீட்டில் 5. மற்றொரு வீட்டில் 8. இன்னொன்றில் பெரியவை 5, சிறியவை 2. கொத்தேயோ என்பவர் வீட்டில் இல்லை; அவர் மனைவி 6 நூல்களைக் கொணர்ந்து கொடுத்தார். வேறு உண்டா என்றதற்கு இல்லை என்றார். நகரத்துப் பொது அடிமை ஒருவனை உள்ளே அனுப்பித் தேடச்செய்தனர். தேடினேன், கிடைக்கவில்லை என்று அவன் திரும்பினான். இவற்றின் இடையே வருகிறது விக்டர் என்ற ஆசிரியரின் வீடு. அவர் இலத்தீன் இலக்கணம் கற்பிப்பவர். 2 நூல்களும், தைக்காத தாள்கட்டு 4உம் கொடுத்தார். இன்னும் உன்னிடம் உண்டு என்று பெலிக்ஸ் மிரட்டினார். இருந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்றார் விக்டர். அன்று மாலைக்குள் நகரத்தில் பறிமுதலான நூல்கள் எல்லாமாக 33. அந்த 4 தாள்கட்டுகள் வேறு.

மற்ற ஊர்களில் நடந்தவற்றையும் ஒருவாறு அறிவோம். திபியூக்கா என்ற ஊரின் ஆயர், பெயரால் அவரும் பெலிக்ஸ், நூல்கள் என்னிடம் உண்டு, ஆனால் கொடேன் என்று கூறி, மறைநூல் எரிவதைவிடத் தாம் எரிவதே மேல் என்று நின்றார். 303 ஜூலை 15இல் கார்த்தேஜ் நகரில் அவருடைய தலை வெட்டப்பட்டது. அதே கார்த்தேஜின் ஆயர் மென்சூரியஸ், உண்மை மறைநூல்களை ஒளித்துவிட்டு, சபை ஒப்புக்கொள்ளாத வேறு கொள்கையினரின் நூல்களைக் கோயிலில் வைத்தார். வந்தவர்கள் அவற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். கலாமா நகரத்து ஆயர் டொனாட்டஸ் ஒப்படைத்தவையோ வைத்திய நூல்கள்! மாணவர்கள் சிரிக்கலாம். எனக்கும் முதலில் சிரிப்பே வந்தது. வைத்திய நூலைக் கையில் ஏந்தி நின்ற அம்மனிதரின் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்பது பிறகுதான் தோன்றியது.

அபித்தினா என்ற சிற்றூரில் ஆயரே நூல்களைக் கொடுத்துவிட்டார். ஆயினும் அவ்வூரார் தடையை மீறி ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடினர். ஏறத்தாழ ஐம்பதுபேர் பிடிபட்டு, 304 பிப்ரவரியில் கார்த்தேஜில் விசாரிக்கப்பட்டனர். அவர்களுள் எமெரிட்டஸ் என்பவர் வாசகர். தம் வீட்டிலேயே கூட்டம் நடந்ததென்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டவர். வீட்டில் மறைநூல் உண்டா என்று ஆளுநர் கேட்க, உண்டு, அது என் நெஞ்சில் இருக்கிறது என்னும் கருத்துப்பட விடையிறுத்தார். நெஞ்சில் உள்ளதைப் பறிமுதல் செய்யும் வழியை எந்த ஆணையிலும் எழுதிவைக்க முடியவில்லை. ஊரின் நூல்கள் நெருப்புக்குப் போன பின்னரும் அவ்வூரார் கூடியதன் காரணமும் அதுவே.

துன்பக்காலம் கழிந்தது. 311இல் கலேரியஸே ஆணையைத் திரும்பப் பெற்றார். 313இல் கான்ஸ்டன்டைன் முழு உரிமை வழங்கினார். ஆனால் சபைக்குள் அமைதி வரவில்லை. மறைநூலை ஒப்படைத்தவரைத் திராதித்தோர் என்றனர். கையளித்தவர் என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கிலத்தில் துரோகியைக் குறிக்கும் சொல்லும், மரபைக் குறிக்கும் சொல்லும் இந்த ஒரே இலத்தீன் வேரில் கிளைத்தவை. பகைவரிடம் கையளிப்பதும், பின்தலைமுறையிடம் கையளிப்பதும் ஒரே வினைதான், பெறுபவர்தாம் வேறு. அவ்வாறு ஒப்படைத்தவர் கைதொட்டுப் பட்டம் கொடுத்த ஆயர் ஆயராவாரா என்று எழுந்த வழக்கில் ஆப்பிரிக்கச் சபை இரண்டாகப் பிளந்தது. டொனாட்டஸ் என்ற மற்றொருவரின் பெயரால் ஒரு கட்சி எழுந்தது. ஒரு நூற்றாண்டு கழிந்து, 411இல் கார்த்தேஜில் கூடியபோது இரு தரப்பிலும் தனித்தனியே 280க்கு மேற்பட்ட ஆயர்கள் இருந்தனர் என்றால் பிளவின் ஆழத்தை உணரலாம். 314இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம் ஒரு நல்ல விதி செய்தது. மறைநூலையோ, திருப்பாத்திரங்களையோ, உடன்பிறந்தார் பெயர்களையோ ஒப்படைத்த குருவை நீக்கலாம். ஆனால் வெறும் வாய்ச்சொல் போதாது, அரசு ஏடுகளில் சான்று வேண்டும் என்பது அவ்விதி. பகைவர் எழுதிவைத்த குறிப்பே இப்போது சபையின் சாட்சியாயிற்று.

சிர்த்தாவின் குறிப்பு நமக்குக் கிடைத்ததும் இதனாலேயே. அன்று அவ்வீட்டில் நின்று பொருள்களை எடுத்துக்கொடுத்த உப தீக்கோன்மாருள் சில்வானஸ் என்பவர் ஒருவர். வெள்ளிப் பெட்டி ஒன்றையும் வெள்ளி விளக்கு ஒன்றையும் தேடிக் கொணர்ந்தவர் அவர். பிற்காலத்தில் அவரே அந்நகரின் ஆயரானார். ஒப்படைத்தவரைக் கடுமையாகத் தூற்றிய டொனாட்டஸ் கட்சியிலும் சேர்ந்தார்! அவரோடு பகைத்துக்கொண்ட நுண்டினாரியஸ் என்ற தீக்கோன் 320இல் நுமீடியா ஆளுநர் செனோபிலஸிடம் வழக்குக் கொண்டுவந்தார். வழக்கின் முடிவில் சில்வானஸ் நாடுகடத்தப்பட்டார். அவ்வழக்கில் முதற்சாட்சியாக நின்றவர் விக்டர், இலத்தீன் இலக்கண ஆசிரியர்.

தம் தந்தை நகரசபை உறுப்பினர், பாட்டனார் போர்வீரர் என்று குலம் கூறினார். துன்பக்காலத்தைப் பற்றிக் கேட்டபோது, தாம் மலைக்கு ஓடிவிட்டதாகவும், தாம் இல்லாத வேளையில் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து நூல்களை எடுத்துச் சென்றதாகவும் கூறினார். மெய்ப்பிக்கக் கூடியதை மறுப்பது எதற்காக என்று நுண்டினாரியஸ் கேட்டார்.

என் கதை ஒன்றை இங்கே சொல்லவேண்டும். இளம் ஆசிரியனாக நான் ஒரு பள்ளியில் நூலகப் பொறுப்பையும் ஏற்றிருந்தேன். ஆண்டுத் தணிக்கையில் 7 புத்தகங்கள் குறைந்தன. அனுமதியின்றி அவற்றை நண்பர் ஒருவருக்கு எடுத்துக்கொடுத்தவன் நானே. தலைமையாசிரியர் கேட்டபோது, அன்று நான் விடுப்பில் இருந்தேன் என்றேன். அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். என் கையெழுத்து அங்கே இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஏட்டை மூடிவைத்தார். புத்தகங்களின் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்கள், அது நியாயமே. விக்டரின் சாட்சியத்தை முதன்முதலாகப் படித்த இரவில் எனக்கு அந்தப் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. அச்சத்தால் ஏட்டைக் கொடுத்ததை மன்னிப்பது எனக்கு எளிதாக இருந்தது. அச்சமே இல்லாத நாளில், 17 ஆண்டு கழித்து, அவர் அதை மறுத்ததைத்தான் என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. அது என்னையும் சுட்டது.

செனோபிலஸின் கட்டளைப்படி, மே 19ஆம் நாள் குறிப்பு மன்றத்தில் உரக்கப் படிக்கப்பட்டது. கிண்ணங்கள், காலணிகள், வெறும் அலமாரிகள், கத்துல்லினஸ், கொத்தேயோவின் மனைவி என எல்லாம் வரிசையாக வந்தன. இலக்கண ஆசிரியர் விக்டர் 2 நூல்களையும் 4 தாள்கட்டுகளையும் கொடுத்தார் என்ற வரியும் வந்தது. இனி உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள் என்றார் ஆளுநர். நான் அங்கே இருக்கவில்லை என்றார் விக்டர்.